ஆறு வயதுக்கு மேல் ஒரு பிள்ளை: தத்தெடுக்கத் தயாராவது எப்படி

தத்தெடுக்கப் பதிவு செய்கிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட, உடல்நலக் குறை ஏதும் இல்லாத குழந்தை. அந்த வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், இல்லங்களில் ஆறு, எட்டு, பதினொன்று என்று வயது ஏறிக்கொண்டே போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. அப்படியொரு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

சான்றிதழ் சேர்ப்பதும் விண்ணப்பம் போடுவதும் இதில் எளிய பகுதி. பலர் அதோடு தயாரிப்பு முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பிள்ளையைப் பற்றிய அறிக்கையைக் கேள்வியோடு படிக்காததாலும், வீட்டுக்கு வந்த முதல் ஆறு மாதத்துக்கு எந்த ஏற்பாடும் செய்யாததாலும்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

இரண்டு வழிகள், இரண்டு விதமான உறவு

இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் கீழ் இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது நேரடித் தத்தெடுப்பு. தத்துக் கொடுக்கச் சட்டத் தடை இல்லை என்று மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு அறிவித்த பிள்ளையை, மத்திய தத்துவள ஆதார ஆணையமான காராவின் இணையதளம் மூலமாக எடுப்பது. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள்தான் இதற்கு விதி. ஆணை பிறப்பிப்பவர் இப்போது மாவட்ட ஆட்சியர். முன்பு போல நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றோர் இருந்தும் வளர்க்க இயலாத நிலை, வருடக்கணக்கில் யாரும் வந்து பார்க்காத நிலை, இவற்றில் உள்ள ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. ஆணை தருவது குழந்தைகள் நலக் குழு. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024-இல் திருத்திய மாதிரி வழிகாட்டு நெறிகளின்படி, 35 முதல் 60 வயதுக்குட்பட்ட தனி ஆளும் வளர்ப்புப் பெற்றோராகலாம் (ஆண் என்றால் ஆண் பிள்ளையை மட்டும்). பிள்ளை தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டிலேயே வளர்ந்து, தத்துக்குச் சட்டத் தடையும் நீங்கியிருந்தால், அந்தக் குடும்பமே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இந்தக் காலம் ஐந்து ஆண்டு.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தத்து வரிசையைத் தாண்டிப் போகும் குறுக்குவழியாக வளர்ப்புப் பராமரிப்பை நினைக்காதீர்கள். பெற்ற தாய்க்கு நிலைமை சீரானால் பிள்ளை திரும்பிப் போகலாம். போக வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கமும். அதைத் தாங்க முடியாது என்று தோன்றினால் நேரடித் தத்துக்கே பதிவு செய்யுங்கள். தத்து ஆணை வந்த பிள்ளைக்குச் சொத்துரிமை உட்பட எல்லா உரிமையும் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு உள்ளது போலவே கிடைக்கும். வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி எதுவும் இல்லை.

மருத்துவமனை ஆயா மூலம், தெரிந்த வக்கீல் மூலம், 'பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்று வரும் எந்தக் குழந்தையும் இந்த இரண்டிலும் சேராது. விதிகளை மீறித் தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. தண்டனை இன்னும் கூடும்.

தகுதிக் கணக்கு

தம்பதி என்றால் இருவரின் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்குக்கு 90. நான்கிலிருந்து எட்டுக்கு 100. எட்டிலிருந்து பதினெட்டுக்கு 110. தனி ஆளுக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55. கணவருக்கு 52, மனைவிக்கு 50 என்றால் கூட்டினால் 102 வரும். ஏழு வயதுப் பிள்ளை கிடையாது, ஒன்பது வயதுப் பிள்ளை கிடைக்கலாம். பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் பிள்ளைக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும். திருமணமாகி இரண்டு ஆண்டுகளாவது நிலையான வாழ்க்கை நடத்தியிருக்க வேண்டும். தனி ஆளாக எடுக்கும் ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்குச் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும், எளிதில் குடும்பம் அமையாத பிள்ளைகளும் மட்டுமே பரிசீலிக்கப்படுவார்கள்.

வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதியில் தொகை எதுவும் இல்லை. சொந்த வீடும் கட்டாயமில்லை.

கோப்பு

பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, கடைசி ஓராண்டு வருமானச் சான்று, திருமணச் சான்று (மணமுறிவு பெற்றவருக்குத் தீர்ப்பு நகல், துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்று), தத்தெடுக்க உடல் தகுதி உண்டு என்ற மருத்துவச் சான்று, குடும்பப் புகைப்படம், உங்களை நன்கு அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம். வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

இதில் அடிக்கடி சிக்குவது பெயர். ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும், பான் அட்டையில் முழுப்பெயராக விரிந்திருக்கும், திருமணச் சான்றில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். பதிவுக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு நிற்கும்போது ஓட வேண்டியிருக்கும். அதற்குள் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கும்.

மருத்துவச் சான்றில் எதையும் மறைக்க வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வுக்கு எடுத்த சிகிச்சை எதுவானாலும், சிகிச்சை தரும் மருத்துவரிடமே 'கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதி வாங்குங்கள்.

பதிவு முடிந்ததும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இல்ல ஆய்வு செய்வார். ஆவணங்கள் சமர்ப்பித்த 60 நாளுக்குள் இது முடிய வேண்டும். அறிக்கை மூன்று ஆண்டு செல்லும். தரையின் பளபளப்பைப் பார்க்க அவர் வருவதில்லை. குழந்தை பிறக்காத வருத்தம் உங்களுக்குள் எந்த அளவில் இருக்கிறது, மாமியார் என்ன சொல்கிறார், பிள்ளை அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பகலில் யார் என்றெல்லாம் கேட்பார். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகவும் பேசவைப்பார். ஒருவருக்கு மனமில்லாமல் மற்றவருக்காகத் தலையாட்டியிருந்தால் இங்கேயே வெளிப்பட்டுவிடுவது நல்லது. தனி ஆளாக எடுப்பவர், தனக்கு ஏதாவது ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் யார் என்பதை அவரிடம் பேசி, எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கட்டணம்: பதிவுக்கும் இல்ல ஆய்வுக்கும் 6,000 ரூபாய், பிள்ளையை அழைத்து வரும்போது அதை வைத்திருக்கும் தத்து நிறுவனத்துக்கு 50,000, பிறகு ஒவ்வொரு தொடர் வருகைக்கும் 2,000. எல்லாவற்றுக்கும் ரசீது. 'நன்கொடை' என்று யார் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை. அப்படிக் கேட்பதே விதிமீறல். உங்கள் பணத் தயாரிப்பு வேறு இடத்தில் வேண்டும். ஒருவர் சில மாதம் சம்பளமில்லாமல் இருந்தாலும் குடும்பம் ஓடும் அளவுக்குச் சேமிப்பு, பல் வைத்தியம், கண்ணாடி, குழந்தை மனநல ஆலோசகர், தனிப்பயிற்சி. தத்து விடுப்பு விதிகள் பெரும்பாலும் கைக்குழந்தையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு உங்கள் அலுவலகம் விடுப்பு தருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பிள்ளையின் அறிக்கையைப் படிப்பது

வரிசைப்படி உங்கள் முறை வரும்போது பிள்ளையின் புகைப்படம், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை மூன்றும் இணையத்தில் வரும். 48 மணி நேரத்துக்குள் 'ஒதுக்கிக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பிறகு 30 நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம். நீண்ட நாள் குடும்பம் அமையாத பிள்ளைகளுக்கு இணையதளத்தில் தனிப் பகுதி உண்டு. அங்கே வரிசை மூப்பு பார்க்காமல் பதிவு செய்த எவரும் தங்களுக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். இரண்டு நாளில் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு குழந்தை மருத்துவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படத்தைக் கடைசியில் பாருங்கள். முகத்தைப் பார்த்துவிட்டால் பிறகு அறிக்கை கண்ணில் ஏறாது.

ஆய்வு அறிக்கைகள் பெரும்பாலும் சுருக்கமாக, ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். 'சுறுசுறுப்பானவள், எல்லோரிடமும் நன்றாகப் பழகுவாள்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். முதன்முறை பார்க்கும் ஆளின் மடியில் ஏறி உட்கார்ந்து, 'என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா' என்று கேட்கும் ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து மனம் உருகுவது இயல்பு. ஆனால் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ள வாய்ப்பில்லாமல், மாறி மாறி வந்த பணியாளர்களிடம் வளர்ந்த பிள்ளைகள் அப்படி நடந்துகொள்வதுண்டு. வீட்டுக்கு வந்த பின் தெருவில் போகிற யாரோடும் போய்விடும் ஆபத்தும் அதில் இருக்கிறது. முதல் சந்திப்பில் பணியாளரின் சேலையைப் பிடித்துக்கொண்டு உங்களை முறைக்கும் பிள்ளைக்கு ஒருவரிடம் ஒட்டத் தெரியும். உங்களிடமும் ஒட்டும், நாளானாலும்.

அறிக்கையில் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த வயதில் இல்லத்துக்கு வந்தது, அதற்கு முன் யாரோடு இருந்தது? இதுவரை எத்தனை இடம் மாறியிருக்கிறது? முன்பு ஏதாவது குடும்பத்துக்குப் போய்த் திரும்பி வந்ததா? உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா, எங்கே? (உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் சேர்த்துத் தருவதே விதி. ஒருவரை மட்டும் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியை வேண்டுமென்றே கேட்காமல் விடுவதும் உண்டு.) இரவில் எப்படித் தூங்கும், படுக்கையை நனைக்குமா? எதற்குப் பயப்படும்? எந்தப் பணியாளரிடம் அதிகம் ஒட்டுதல்? வீட்டில் பேசிய மொழி எது, இப்போது பேசுவது எது? எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது, உண்மையில் எந்த வகுப்புப் பாடம் வாசிக்கிறது? கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். மேலாளரிடம் கேட்டதை இரவுப் பணியில் இருக்கும் அக்காவிடமும் கேளுங்கள். அவருக்குத்தான் பதில் தெரியும்.

வயதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆதரவின்றிக் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி பெரும்பாலும் மருத்துவரின் கணிப்பு. எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை சத்துக்குறைவான பிள்ளையின் வயதைக் குறைத்துக் காட்டலாம். 'ஒன்பது வயது' என்று வந்த பெண் அடுத்த ஆண்டே பூப்பெய்தினால் திடுக்கிட வேண்டாம். வயதும் கூடுதலாக இருந்திருக்கலாம், நல்ல சாப்பாடு கிடைத்ததும் உடல் வேகமாக வளர்ந்தும் இருக்கலாம்.

மருத்துவ அறிக்கையில் எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி), காசநோய், ரத்த அணுக்கள், தைராய்டு, காது, கண் என்று பாருங்கள். எப்போது எடுத்த பரிசோதனை என்ற தேதியும் முக்கியம். நீங்கள் விரும்பும் மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டவும் விதி இடம் தருகிறது. பேச்சு தாமதம் என்று எழுதியிருந்தால் காதை முதலில் சோதியுங்கள். தடுப்பூசி அட்டை இல்லையென்றால் போடாததாகக் கணக்கிட்டு, விட்டதை மருத்துவர் சொல்படி போட்டுவிடலாம்.

மனதுக்குச் சரிப்படவில்லை என்றால் இந்தக் கட்டத்தில் மறுப்பதில் தவறே இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

பிள்ளையையும் தயார் செய்ய வேண்டும்

ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளையின் சம்மதம் சட்டப்படி வேண்டும். ஆனால் 'புது அப்பா அம்மா வந்திருக்காங்க, போறியா?' என்று அலுவலக அறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையை ஆட்டும். நிறுவனத்தோடு பேசி, முடிந்தால் மூன்று நான்கு சந்திப்புகளுக்காவது இடம் கேளுங்கள். தூரத்து மாநிலம் என்றால் இடையில் காணொலி அழைப்பு. பத்து நிமிடம் போதும். பிள்ளைக்குப் பேச்சு ஓடாது, கையில் ஒரு படமோ விளையாட்டுப் பொருளோ இருந்தால் ஓடும்.

ஒரு சின்ன ஆல்பம் செய்து முன்கூட்டியே அனுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். வீட்டு வாசல், பிள்ளை படுக்கப்போகும் இடம், குளியலறை, கழிப்பறை, சாப்பிடும் இடம், வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக, நாய் இருந்தால் நாய். கீழே பெரிய எழுத்தில் பெயர், பிள்ளைக்குத் தெரிந்த மொழியில். திருமண மண்டபத்தில் பட்டுச் சேலையில் எடுத்த படம் வேண்டாம். பிள்ளை வரும் நாளில் நைட்டியில் நிற்கும் உங்களை அடையாளம் தெரியாது. கழிப்பறைப் படம் எதற்கென்றால், தரையில் உட்காரும் பீங்கானே பழகிய பிள்ளை மேலைநாட்டுக் கோப்பையைப் பார்த்துப் பயந்து அடக்கிக்கொண்டு, நாலாம் நாள் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நடக்கிறது.

மராத்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளை தமிழ் வீட்டுக்கு வருகிறதென்றால், அதன் மொழியில் ஒரு முப்பது நாற்பது சொற்களை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர், பசி, வலி, பயம், ஒன்றுக்கு, போதும், வேண்டாம், நாளைக்கு, நான் இங்கேதான் இருக்கிறேன். பிள்ளை தமிழ் பிடித்துக்கொள்ளும். அதுவரை ஊமையாக இருக்க விடக் கூடாது.

அழைத்து வரும் நாளில் பழைய உடை, போர்வை, உடைந்த பொம்மை என்று எதைக் கொண்டுவர விரும்பினாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் போர்வையைத் துவைக்காதீர்கள். வாசனைதான் முதல் சில இரவுகளுக்குத் துணை. இல்லத்தில் என்ன சோப்பு, தலைக்கு என்ன எண்ணெய் என்று கேட்டு அதையே வாங்கி வையுங்கள். பேன் இருந்தால் மருத்துவரைக் கேட்டு மருந்து போட்டுச் சீப்பால் வாருங்கள். மொட்டை அடிக்க வேண்டாம். பேனுக்காக இல்லத்தில் பல முறை மழித்த தலையாக இருக்கலாம். குலதெய்வத்துக்கு மொட்டை, காது குத்து எல்லாம் ஒரு வருடம் பொறுக்கும். அங்கே எடுத்த புகைப்படங்கள், பள்ளி நோட்டு, நெருங்கிய தோழியின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

நீங்கள் சம்மதித்த பின், பிள்ளை உங்களுக்கெனப் பொருத்தப்பட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள், உறுதிமொழியில் கையெழுத்திட்டுப் பிள்ளையைத் தத்துக்கு முந்தைய பராமரிப்பாக வீட்டுக்குக் கூட்டிவரலாம். ஆணை பிறகு வரும். மாவட்ட ஆட்சியர் விண்ணப்பம் வந்த இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். இடைப்பட்ட காலத்தில் அவசர அறுவை சிகிச்சை வந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்பதை நிறுவனத்திடம் எழுதி வாங்கிவிடுங்கள். பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் நிலையில் போட வேண்டாம். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

முதல் நாற்பது நாள்

வரவேற்பு விழா வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டில் கூட்டம் சேர்க்காமல் பார்த்துக்கொள்வது நமக்குப் பழக்கம்தான். அதே ஒழுங்கு இங்கேயும் நல்லது. உறவினர்கள் உதவ விரும்பினால் சமைத்துக் கொடுத்து அனுப்பட்டும், கடைக்குப் போய் வரட்டும். சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது அல்லது குளிக்க உதவுவது, அடிபட்டால் மருந்து போடுவது, தூங்கவைப்பது இவற்றை நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள். வேண்டியது கிடைக்கும் இடம் இதுதான் என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும். பாட்டி, அத்தை, பக்கத்து வீடு என்று பத்துக் கை ஊட்டினால் அது இல்லத்தின் நீட்சிதான்.

சாப்பாடு பெரிய விஷயம். மணியடித்தால் சாப்பாடு, தட்டில் விழுந்ததுதான் பங்கு என்று வளர்ந்த பிள்ளை வாந்தி எடுக்கும்வரை தின்னும். தலையணைக்கடியில் சப்பாத்தி ஒளித்து வைக்கும். திட்டினால் இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொள்ளும். பிள்ளைக்கு எட்டும் அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பா வையுங்கள். பொட்டுக்கடலை, பிஸ்கட், பக்கத்தில் இரண்டு வாழைப்பழம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் படுக்கப் போகும் முன் பிள்ளையின் கண்ணெதிரே நிரப்புங்கள். அதுதான் முக்கியம். ஒரு நாள் டப்பா காலியாக இருப்பதைப் பார்த்தாலும் தலையணைக்கடி மீண்டும் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியைப் பூட்டாதீர்கள். சில மாதத்தில் டப்பாவில் இருப்பது நமுத்துப் போக ஆரம்பிக்கும், அப்போது தெரிந்துகொள்ளலாம்.

தனியறை கட்டி அலங்கரித்து வைத்திருந்தாலும், பத்து இருபது பேரோடு படுத்த பிள்ளைக்குத் தனிமை பயம். உங்கள் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில் தனிப் பாய் போடுங்கள். இரவு விளக்கு, கழிப்பறைக்குப் போகும் வழியிலும் வெளிச்சம். மெத்தைக்கு மேல் ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் பருத்தி விரிப்பு, மாற்று ஒன்று பக்கத்திலேயே. நனைத்தால் பேச்சில்லாமல் மாற்றிவிட்டுப் படுக்க வையுங்கள். ஏழு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, புழு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பாருங்கள். எல்லாமே மனம் சம்பந்தப்பட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பெரிய துணிக்கடைக்குக் கூட்டிப் போய் 'எது வேணும்னாலும் எடுத்துக்கோ' என்றால் பிள்ளை திணறும், அழும், அல்லது கண்டதையெல்லாம் கேட்கும். இரண்டு சட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து, இதுவா அதுவா என்று கேளுங்கள். பெயரை மாற்றாதீர்கள். பழைய வாழ்க்கையில் அதற்குச் சொந்தமாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தப் பெயர் ஒன்றுதான். வீட்டில் செல்லப் பெயர் தானாக வரட்டும். உங்களை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

பள்ளியில் உடனே சேர்க்க அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் ஆறு வாரம் பொறுக்கலாம். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். வகுப்பாசிரியரிடம் மட்டும் விவரம் சொல்லி, 'குழந்தைப் பருவப் படம் கொண்டு வா', 'குடும்ப மரம் வரை' போன்ற வேலைகளை முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

தேன்நிலவு முடிந்த பிறகு

முதல் சில வாரம் பிள்ளை சொன்னதைக் கேட்கும், தட்டைக் கழுவி வைக்கும். 'இவ்வளவு நல்ல பிள்ளையா' என்று ஊருக்குச் சொல்வீர்கள். அது விருந்தாளியின் ஒழுங்கு. இரண்டாம், மூன்றாம் மாதத்தில் பொய், சின்னத் திருட்டு, கெட்ட வார்த்தை, பொருளை உடைப்பது, ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு மற்றவரை அண்டவிடாமல் தள்ளுவது எல்லாம் தொடங்கலாம். பெரும்பாலும் தள்ளப்படுவது அம்மா. பிள்ளை வந்த பிறகும் தான் மட்டும் அன்னியமாக நிற்பதை அவர் வெளியே சொல்ல முடியாமல் வெந்துகொண்டிருப்பார். இதை இருவரும் முன்பே பேசி வைத்திருந்தால் வீட்டில் அணி பிரியாது. ஒட்டப்படுகிறவர் வேண்டியதையெல்லாம் தானே கொடுத்துவிடாமல், 'அம்மாகிட்ட கேட்டு வாங்கிக்கோ' என்று திருப்பிவிட வேண்டும்.

இந்த நடத்தைக்குப் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கெட்ட பிள்ளையாக இருந்தால் திருப்பி அனுப்புவார்களா? ஆகவே 'ஹோமுக்கே அனுப்பிடுவேன்' என்ற வார்த்தை கோபத்திலும் வரக் கூடாது, கேலியிலும் வரக் கூடாது. பாட்டி, மாமா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா எல்லோரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். தனி அறையில் அடைத்து வைப்பது, பேசாமல் இருப்பது இரண்டும் பிள்ளையின் பயத்தை உறுதி செய்யும். பக்கத்தில் உட்காரவைத்து, அடங்கிய பின், உடைந்ததைச் சேர்ந்தே கூட்டி எடுங்கள். அடி கூடவே கூடாது. அடிவாங்கியே பழகிய பிள்ளைக்கு அது உறைக்கவும் உறைக்காது.

பழைய நாள்களில் தனக்கு யாராவது பாலியல் தொல்லை தந்ததாகப் பிள்ளை சொன்னால், துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்னது நல்லது, தப்பு உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளை அன்றே எழுதி வைத்து, காவல் துறைக்குத் தெரிவியுங்கள். போக்சோ சட்டப்படி அது கடமை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-உம் உதவும்.

வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நேரம் வேண்டும், தினமும் அரை மணியாவது. அதன் பொருள்களைப் பங்கு போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். குளியலறைக் கதவு சாத்துவது, யார் எங்கே படுப்பது, தொடும் விளையாட்டின் எல்லை ஆகியவை எல்லோருக்கும் ஒரே விதியாக முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

சமாளிக்க முடியவில்லை என்றால் நிறுவனத்துக்குச் சொல்லத் தயங்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வருவது இதற்குத்தான். அவர் வரும் நாளில் வீட்டைத் துடைத்துப் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு 'எல்லாம் நல்லா இருக்கு' என்று அனுப்பிவிட்டு, அடுத்த மாதமே 'திரும்ப எடுத்துக்கோங்க' என்று போன் செய்யும் குடும்பங்கள் உண்டு. இரண்டாம் மாதத்திலேயே ஆலோசகரிடம் போயிருந்தால் அதில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

ஆணை வந்ததும்

சான்றிட்ட நகல்களை நிறுவனத்திடமிருந்து நான்கைந்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து, உங்கள் பெயரைப் பெற்றோராகக் குறித்த பிறப்புச் சான்று. பிறகு ஆதார், குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம், உயில். தத்துப் பத்திரம் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை, நலக் குழுவின் சான்று, இல்லத்துப் படங்கள் எல்லாவற்றையும் பிறப்புச் சான்றுக் கோப்பில் கலக்காமல் தனி உறையில் வையுங்கள். தன் வேரைத் தேட பிள்ளைக்கு உரிமை உண்டு. 18 வயதுக்குள் என்றால் உங்களோடு சேர்ந்தும், அதற்குப் பிறகு தானாகவும் விண்ணப்பிக்கலாம். கேட்கும்போது அந்த உறை வீட்டில் எங்கே இருக்கிறது என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.